வேண்டியவர்

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டியிருந்த புளிய இலைகளைத் தட்டிவிட்டான் சிவசங்கர்.

கள்ளக்குறிச்சி விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலைக்கு அன்றைக்கு நேர்காணல். இருந்தது ஒரே ஒரு இடம்.

இடஒதுக்கீடு கேட்டு சிவசங்கரின் சாதிக்காரர்கள் மறியல் தொடங்கியிருந்தார்கள். பஸ் இல்லை. ரோட்டில் அங்கங்கே மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதிகாரிகள் முந்தின நாளே வந்து தங்கிவிட்டதால், வருகிறவர்களை மட்டும் பார்த்து முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். வந்த சிலரும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசியாக வந்து சேர்ந்து, உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தவன் சிவசங்கர்தான்.

அவனைக் கொண்டுவந்து சேர்த்தது ஆரோக்கியதாஸ் அண்ணன். நைனார்பாளையத்திலிருந்து தன் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தார்.

"நீ மிதிச்சா சட்டை கசங்கிப்பூடும் தம்பி. பின்னால குந்து."

அவர் போட்டிருந்ததும் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டைதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற சட்டை. தன்னைக் கொண்டுபோய் விடுவதற்காக மரியாதையாக உடுத்தி வருகிறார் என்று சிவசங்கர் நினைத்துக்கொண்டான்.

ஆரோக்கியதாஸ் பி.ஏ. முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். போகாத நேர்காணல் இல்லை, அதனால் தனக்குத் தெரியாத கேள்வியும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

சாயங்காலங்களில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஞானோபதேச அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொள்வார். சிவசங்கரை வெளியே போய் மறுபடி உள்ளே வரச் சொல்வார்.

"அப்பா இன்னா பண்றாரு?"

"சும்மா, பயிர் வைக்கிறாருங்க."

"அதுல இன்னாடா சும்மா? இன்னா கரும்பு போட்டாரு, வெட்டுனப்புறம் அதே தூர்ல கட்டைக் கரும்பு வுட்டாரா, உரத்துக்கு எப்ப சங்கத்துக்கு அலையறாரு, அதைச் சொல்லு. அதெல்லாம் தெரிஞ்ச ஆளுதான் அவங்களுக்கு வேணும்."

அதற்கு முன்னால் சிவசங்கர் தன் அப்பாவைப் பற்றி யாரிடமும் தலை நிமிர்ந்து சொன்னதில்லை.

அவன் அங்கே போய்வருவது அவன் வீட்டுக்குத் தெரியாது. மாதா கோயில் இருந்த அந்தக் காலனித் தெருவுக்குள் அவன் சொந்தக்காரர்கள் யாரும் காலெடுத்து வைத்ததில்லை.

கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. மறியலில் நின்றவர்களில் அவனுடைய தாய்மாமன் சடையனும் இருந்தார்.

"உனக்கு வேலை வேணும்னுதாண்டா மாப்ளே மரத்தைச் சாச்சிருக்கோம். நீ இன்னாடான்னா அதையே தாண்டிக்கினு வேலைக்குப் போறேன்ற."

எல்லோரும் சிரித்தார்கள். சிவசங்கரும் சிரித்தான்.

பிறகு சடையன், ஆரோக்கியதாஸின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

"இவரு யாரு? உனக்கு வேண்டியவரா?"

மாமா கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்றிருந்தால் இரண்டு பேரையும் விட்டிருப்பார். ஆனால் சுற்றிலும் நின்றவர்கள் சொந்தக்காரர்கள். எந்தத் தெரு, எப்படிப் பழக்கம் என்று அடுத்துக் கேட்பார்கள்.

ஒருவரைத் தன்னவர் என்று சொல்வது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் போதும்.

"சைக்கிள்ல ஏத்திக்கினு வந்தாரு" என்றான் சிவசங்கர். பொய் சொல்லவில்லை என்று சாமியிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

"அப்ப நீ நடந்து போ. சைக்கிளு இங்கியே இருக்கட்டும்."

"நானும் போவணுங்க" என்றார் ஆரோக்கியதாஸ்.

"உங்களுக்கு இன்னாங்க அவசரம்? பையனைத்தான் வுட்டாச்சி இல்ல. செத்த உக்காருங்க."

வாசல் வரைக்கும் கூட வர ஆசைப்படுகிறார் போல என்று சிவசங்கர் நினைத்தான். கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தான். அடிமரத்தின் ஓரத்தில், சட்டையில் அழுக்குப் படாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் அண்ணன். போ, போ என்று கையைக் காட்டினார்.

இப்போது வராந்தாவிலிருந்து பார்த்தால், கல்வராயன் மலைப்பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்தால் முதலில் அண்ணனிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும். அப்படியே மாமாவிடம் சொன்ன பதிலுக்காக மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும். அவர் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்.

பியூன் வெளியே வந்தார். அதுவரை வராதவர்களின் பெயர்களைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டார்.

"ஆரோக்கியதாஸ்."

பியூன் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"நைனார்பாளையம் ஆரோக்கியதாஸ். வந்திருக்காரா?"

சிவசங்கர் வாசலுக்கு வெளியே ரோட்டைத் திரும்பிப் பார்த்தான்.

பியூன் இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வயசு முடியற கேசு. இதோட சரி, இனிமே இன்டர்வியூ கார்டே வராது. இவராச்சும் அடிச்சிப் புடிச்சி வந்திருக்க வாணாமா?"

பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"நீயும் அந்த ஊருதானே? அவரைத் தெரியுமா உனக்கு?"

சிவசங்கர் எழுந்து நின்றான். கையைப் பிசையவில்லை. தலையைக் குனியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னான்.

"எனக்கு வேண்டியவருங்க."

வராந்தாவில் அதைக் கேட்க அந்தப் பியூனைத் தவிர வேறு யாரும் இல்லை.