ஏழாம் எண்

ஆறு மணிக்கு எழுந்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துணியை எடுத்தான், துடைக்காமல் வைத்தான்.

நேற்றைய சட்டையை உதறி மாட்டிக்கொண்டான். பூட்டாமல் நாலு படி இறங்கியவன் திரும்பி ஏறிவந்து பூட்டினான். உள்ளே யாரும் இல்லை என்பது, மனைவி போய்ப் பதினோரு மாதமாகியும் கைக்குத் தெரியவில்லை.

எட்டரைக்கு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் தன் மேசைக்கு வந்தான்.

மாணவர்களின் கட்டுரைகளில் மேற்கோள் எண்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. ஒரு வரிக்கு எது ஆதாரமோ, அதன் எண் வரியின் முடிவில் பொடியாக நிற்க வேண்டும். கட்டுரையில் முதலில் வருவது ஒன்று, அடுத்தது இரண்டு. கடைசிப் பக்கத்துப் பட்டியலும் அதே வரிசையில். நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினால் பின்னால் இருப்பவை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளி உட்கார வேண்டும். எதுவாவது ஒன்று அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்துவிடுவான்.

பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் நம்பர் சார்.

ஒன்பது மணிக்கு இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஒன்பது பக்கங்களை நீட்டினாள்.

“இன்னிக்கே பத்திரிகைக்கு அனுப்பணும் சார். பெரிய டாக்டர் ஓகே சொல்லிட்டாரு. நம்பரை மட்டும் பாத்துக் குடுத்துருங்க. உங்க கண்ணுக்குத் தப்பிச்சா அப்புறம் யமன் கண்ணுக்கும் தப்பிச்சுரும்.”

சிவப்புப் பேனாவைத் திறந்தான்.

இருபத்தாறு வயதுப் பெண். ஸ்டூலில் ஏறி விளக்கை மாற்றிவிட்டு இறங்கும்போது விழுந்து இடது கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறாம் நாள் மாலை மரணம். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்திருக்கிறது.

பேர் இல்லை, ஊர் இல்லை. அப்படித்தான் எழுத வேண்டும்.

அந்த விளக்கு அவன் வீட்டுச் சமையலறையில் இன்னும் எரிகிறது.

அன்று இதே கல்லூரி மருத்துவமனையில் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தான். ‘கல்விக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று அதில் ஒன்று இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

மாணவி எதிரில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

எண்களைப் பார்த்தான். ஐந்து வரை சரி. ஆறாவதாக ஒன்றைக் கடைசி நேரத்தில் செருகியிருக்கிறாள். பட்டியலைத் திருத்தியவள் வரிகளைத் திருத்தவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஏழு என்று எண் போட்டிருந்த வரி: ‘மூச்சுத்திணறல் இருப்பதாக நோயாளியோ உடனிருந்தவரோ முன்பே தெரிவிக்கவில்லை.’

பட்டியலில் ஏழைப் பார்த்தான். ஏதோ மருந்தின் அளவு. எட்டைப் பார்த்தான். ரத்தம் உறைவது பற்றிய பாடநூல்.

அந்தப் புத்தகம் அவன் மனைவியைப் பார்த்ததே இல்லை.

“இந்த வரிக்கு ஆதாரம் என்னம்மா?”

“கேஸ் ஷீட்ல ஒண்ணும் எழுதலையே சார். சொல்லியிருந்தா எழுதியிருப்பாங்கல்ல?”

“எழுதாதது வேற, சொல்லாதது வேற.”

“சரி, சொன்னாங்கன்னே வெச்சுக்குங்க. அதுக்கு என்ன நம்பர் போடறது?”

வாயால் சொன்னதற்கு எண் கிடையாது. பட்டியலில் சேராது. ஆண்டுதோறும் முதல் வகுப்பில் அவன் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

‘நோயாளியோ’ என்ற சொல்லை அடித்தான். தாள் கிழிந்தது.

பேனா அடுத்த சொல்லுக்கு நகர்ந்து, அங்கேயே நின்றது.

ஆறாம் நாள் காலை பெரிய டாக்டர் தன் பரிவாரத்தோடு படுக்கை படுக்கையாக வந்தார். அவன் எழுந்து நின்றான்.

“அட, நம்ம நம்பர் சாரா! வீட்டம்மாவுக்கும் நம்பர் போட்டாச்சா?” என்று சுவரில் இருந்த படுக்கை எண்ணைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்கள்.

அவருக்கு அது மறந்திருக்கும்.

அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நேரம் இருக்கிறது என்று நினைத்தான்.

“சார்?” என்றாள் மாணவி.

அவன் ஏழு என்ற எண்ணை அடித்தான். ‘உடனிருந்தவர் தெரிவிக்கவில்லை’ என்று வரியை நேராக்கினான்.

“இதுக்கு ஆதாரம் வேண்டாம். இது சரிதான்.”

“அது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?”

கல்லுளிமங்கன் என்று மனைவி அவனைத் திட்டுவது வழக்கம். பேனாவை மூடித் தாள்களைத் தள்ளினான்.

அன்று பெரிய டாக்டர் இவர்களிடம் வருவதற்கு முன், இரண்டு படுக்கை தள்ளி நின்றபோது, அவள் இவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“மூச்சு வாங்குதுன்னு மூணு தடவை சொல்லிட்டேங்க, யாரும் காதுல போட்டுக்கல. நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் இங்க எல்லாரையும் தெரியுமே.”