பெயரம்மா

“என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுடி. அப்பத்தான் என் மனசு ஆறும்.”

கேன்டீன் மூலையில் பெயரம்மா விம்மி விம்மி அழுதாள். டீம் லீடர் என்று அச்சிட்ட புது அட்டை அவள் கழுத்தில் கிடந்து ஆடியது. அந்த அட்டைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த சீனியர்தான் எதிரில் உட்கார்ந்து கைக்குட்டை நீட்டினாள்.

ஒரே வாரம் முன்னால் வேலைக்குச் சேர்ந்ததால் அவளுக்கு சீனியர் என்று பட்டம். இவள் பெயரம்மா ஆனதும் ஒரு கூத்துதான். சேர்ந்த புதிதில் இவள் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது தானாக மெயில் அனுப்பும் குட்டி புரோகிராம், வாடிக்கையாளர்களுக்கு வாழ்த்து மெயில் அனுப்பும்போது முதல் மெயிலையே ‘அன்புள்ள பெயர்’ என்று ஆரம்பித்துத் தொலைத்தது. ஆபீஸே வயிறு வலிக்கச் சிரித்தது.

“எனக்கு மட்டும் எப்படிடி டீம் லீடர் இன்டர்வியூ மெயில் வரல?”

“ஸ்கிரிப்ட் போட்டு அனுப்பினது நான்தானே! ஆளுங்க பட்டியல் இருக்கற டேபிள்ல இருந்து வர்றது கட்டம் கட்டமா வந்து உக்காருதில்ல? கம்ப்யூட்டர் கணக்குல முதல் வரிசைக்கு எண் பூஜ்ஜியம். நான் பாழாப்போன ஞாபகத்துல, ஒண்ணுல இருந்து எடுக்கச் சொல்லிட்டேன். முதல் வரிசை அப்படியே விட்டுப்போச்சு.”

“சர்வீஸ் வரிசைல முதல்ல இருக்கறது...”

“நீதாண்டி!” மறுபடி ஓவென்று அழுகை.

இந்தத் தொழிலில் பூஜ்ஜியத்தை மறந்து அசடு வழியாதவர் யார்? இந்தத் தடவை எனக்குத்தான் என்று சீனியர் தன் அம்மாவிடம் வேறு சொல்லி வைத்திருந்தாள்.

மேனேஜர் லேசில் விடுவதாக இல்லை. சீனியரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இது கவனக்குறைவா, வேணும்னே செஞ்சதா? ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்டர்வியூவையே ரத்து பண்ணிடறேன்.”

“வேண்டாம் சார். கூடப் பிறக்காத தங்கச்சி சார் அவ. வேணும்னு செய்யவே மாட்டா.”

“அப்ப சரி. இதோட முடிஞ்சுது. இனிமே இதை யாரும் கிளறக்கூடாது.”

விஷயம் தெரிந்ததும் பெயரம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “நீ தெய்வம்டி” என்றாள். காப்பி வாங்கி வருகிறேன் என்று துள்ளிக்கொண்டு போனாள்.

சீனியர் தன் சீட்டில் உட்கார்ந்து அந்த ஸ்கிரிப்டைத் திறந்தாள். அடுத்த முறை வேறு யாருக்கும் இப்படி ஆகக்கூடாது, தோழிக்கும் கெட்ட பேர் வரக்கூடாது. ஒன்று என்று இருந்த இடத்தில் பூஜ்ஜியம் என்று மாற்றினாள். மெயில் போகாமல் திரையில் மட்டும் தெரியும்படி செய்து ஓட்டிப் பார்த்தாள்.

முதல் வரி வந்தது. ‘அன்புள்ள பெயர்.’

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரி வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ‘அன்புள்ள’ என்பதற்குப் பக்கத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

பூஜ்ஜியமாவது வரிசையில் வெறும் தலைப்புகள்தான், பெயர், முகவரி என்று. ஆட்கள் ஆரம்பிப்பதே ஒன்றிலிருந்துதான், அந்த ஒன்றில் இருப்பது அவள். ஸ்கிரிப்ட் ஒன்றிலிருந்தே தன் பாட்டுக்கு ஓடியிருந்தாலும் முதல் மெயிலே அவளுக்குத்தான் போயிருக்கும். யாரோ வேண்டுமென்றே அவளைப் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தால்தான் போகாமல் இருந்திருக்கும். அனுப்பியது ஒருத்திதான்.

“என்னடி, என் தப்பைத் திருத்திட்டியா?” இரண்டு கோப்பைக் காப்பியோடு பின்னால் வந்து நின்றாள் பெயரம்மா.

சீனியர் திரும்பிப் பார்க்கவில்லை. பூஜ்ஜியத்தை அழித்துவிட்டு, மறுபடி ஒன்று என்று தட்டினாள்.

“உன் ஸ்கிரிப்ட்ல தப்பே இல்லடி.”