இயக்குநரின் இதயத்துடிப்பு

இன்று காலை பதினொரு மணிக்கு மனிதகுல வரலாறு மாறப்போவதாக ஆய்வுக்கூட இயக்குநர் அறிவித்தார். இழுத்தால் நீளும் துணியில் மின்சுற்றைத் தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். இதயத்துடிப்பு திரையில் தெரிந்தது: எழுபத்திரண்டு. சோதித்துப் பார்க்க வந்திருக்கும் அரசுக் குழு தலையாட்டாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுதான்.

கடைசி வரிசையில், அந்தச் சுற்றைத் தைத்த அக்காவிடம் பொறியாளன் கிசுகிசுத்தான்.

“அக்கா, பதட்டமே படக்கூடாது.”

“எனக்கென்னப்பா? நிம்மதியாத்தான் இருக்கேன்.”

மேடையில் இயக்குநர் முழங்கினார். “எல்லாம் என் மூளை! தையல்காரங்க சும்மா ஊசியைப் பிடிச்சாங்க, அவ்வளவுதான்.”

திரையில் நூற்றுப்பத்து.

“என்ன சார், திடீர்னு எகிறுது?” என்றார் குழுத் தலைவர்.

“என்னைப் பத்தி நானே பேசினா கூச்சத்துல படபடன்னு வந்துடும் சார்.”

“அக்கா, உங்க கால்ல விழறேன், கோபப்படாதீங்க!” என்றான் பொறியாளன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண் இறங்கியது. இயக்குநரின் அடக்கத்தை மெச்சி, குழு ஒப்புதல் கையெழுத்துப் போட்டது.

இடுப்பளவைக் குறைத்துச் சொல்லித் தைத்துக்கொண்ட இயக்குநரின் பனியனில், போடும்போதே தொப்பையருகே கம்பி அறுந்திருந்தது. திரையில் ஓடியது, அதே மாதிரி இன்னொரு பனியனை உள்ளே போட்டிருந்த அக்காவின் துடிப்பு.