கழற்றிய கார்புரேட்டர்

முதல் குத்திலேயே மெக்கானிக் ஆரினின் உதடு கிழிந்தது. இரண்டாவது குத்துக்கு டூல்ஸ் அடுக்கின் மேல் போய் விழுந்தான். ஸ்பானர்கள் தரையெங்கும் சிதறின.

"என் கார்புரேட்டர் எங்கடா?" என்று டெல் ரஸ்க் கத்தினான். "கிளீன் பண்ணத்தானே வண்டிய விட்டேன்? அதக் கழட்டிட்டு என்னத்தடா மாட்டி வெச்சிருக்க?"

"ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்," என்றான் ஆரின், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "உன் தாத்தா காலத்து ஓட்டைய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் கூத்தடிப்ப?"

அந்தப் பழைய பிக்கப் என்றால் ரஸ்குக்கு உயிர். அமெரிக்காவின் மான்டானா குளிரில் அதைக் கிளப்புவது தனி வித்தை. சோக்கைப் பாதி இழுத்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி மிதித்து, சத்தம் கேட்டுக் காலை எடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் பெட்ரோல் வழிந்து எஞ்சின் மூச்சை நிறுத்திவிடும்.

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரையும் போல அவனும் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவான். 'என்னைத் தவிர எவனாலயும் அத நகத்த முடியாது' என்று பாரில் உட்கார்ந்து பீற்றிக்கொள்வான்.

வண்டியை எடுக்கக் கூட வந்திருந்த அவன் மனைவி லோர்னா, பட்டறை வாசலில் பிக்கப்பை ஒட்டி நின்றிருந்தாள். பனியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி இடது கையில் கட்டு. வருஷா வருஷம் வழுக்கி விழுவாள், பாவம். சண்டையை விலக்க அவள் வரவில்லை.

ரஸ்கின் கை எப்படிப்பட்ட கை என்று ஊருக்கே தெரியும். ஆரின் வாயை மூடிக்கொண்டிருந்தால் உதட்டோடு போயிருக்கும். இந்த மடையனோ பின்வாங்கிக்கொண்டே சீண்டினான்.

"கார்புரேட்டர்னா திருகாணிய ஒரு சுத்து சுத்தினா போதும், சொன்னதக் கேக்கும்டா!" என்றான் ரஸ்க். "இது என்ன, ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பொட்டி பேச்சக் கேட்டு ஓடற எஞ்சினு!"

"அந்தப் பொட்டி குளிரப் பாத்து பெட்ரோல அளந்து பீச்சும். நீ தினம் காலைல மிதிச்சு மிதிச்சுக் கெஞ்சற. கெஞ்சற ஆளுக்கு வீராப்பு வேறயா?"

ரஸ்குக்குத் தலைக்கேறிவிட்டது. மேஜையில் கிடந்த கார்புரேட்டரையே தூக்கி ஆரினின் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

ஆரின் பின்சுவர்வரை தவழ்ந்து போனான். ரஸ்க் துரத்திப் போய் விலாவில் மிதித்தான்.

"பழையபடி மாட்டுடா! இப்பவே மாட்டு!"

"மாட்ட மாட்டேன். உன்னால ஆனதப் பாரு."

மறுபடி மிதித்தான். நிறுத்தவே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஆரின் செத்தே போவான் போலிருந்தது.

அப்போது வாசலில் எஞ்சின் உறுமியது. சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. டயர்கள் பனியை வாரி இறைக்க, பிக்கப் நெடுஞ்சாலைப் பக்கம் பறந்தது.

ரஸ்க் வாசலுக்கு ஓடினான். அங்கே வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டேய்... லோர்னா... அவளுக்கு எப்படிடா அது ஸ்டார்ட் ஆச்சு?"

ஆரின் சுவரில் சாய்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாத்தச் சொன்னதே அவங்கதான்."