வால்வு சூடாகும் வரை

வால்வு சூடாக மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் மைக்கை அழுத்தினால் வால்வு போய்விடும். போனால் வேறு கிடைக்காது.

தம்பிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பல்பு மாதிரியான வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர். ஆர்வலர்கள் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவோடு இணைத்தால் குரலைப் பல மடங்கு பெருக்கி அனுப்பும். இரண்டு ஆள் தூக்கி வந்து வைத்ததில் மேசை நடுவில் தொய்ந்திருந்தது.

விற்றவர் நல்ல மனிதர், குறைகளை ஒளிக்கவில்லை. அடுப்பு மாதிரி காயும். கரண்டைக் குடிக்கும். அக்கம்பக்கத்து டிவியெல்லாம் கொரகொரக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்கிற கரண்ட் உள்ளே தங்கியிருக்கும், மூடியைத் திறந்து கையை விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டிவிட்டு, தூரம் போகுமா என்று மட்டும் கேட்டான் தம்பிக்காரன்.

போகும் என்றார்.

அவன் மனைவி வந்து அறை வாசலில் நின்றாள். “இதை வச்சு வீட்டையே கொளுத்தினாலும் உங்க அண்ணன் பேசப்போறதில்ல.”

அவள் சொன்னதில் தப்பில்லை. அண்ணி செத்தபோது தம்பிக்காரன் போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு போட்டு, காய்ச்சலுக்குக் கண்விழித்த அண்ணி. அன்றோடு அண்ணன் அவன் போனை எடுப்பதை விட்டார். நேரில் போனால் கதவு திறப்பதில்லை.

மிச்சமிருந்தது ரேடியோதான். அண்ணனுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. ஞாயிறு காலையில் நண்பர்களோடு ஒரே அலைவரிசையில் அரட்டை. தம்பிக்காரன் வாரம் தவறாமல் நடுவில் புகுந்து கூப்பிடுவான். அண்ணனைத் தவிர எல்லோரும் பதில் சொல்வார்கள்.

ஒருமுறை ஒரு நண்பர் பாவம் பார்த்து, உங்கள் குரல் கொஞ்சம் மெலிவாகத்தான் வருகிறது என்றார்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் அண்ணனுக்குக் கோபமெல்லாம் இல்லை. குரல் எட்டவில்லை, அவ்வளவுதான். எட்டிவிட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

மூன்று நிமிடம் முடிந்து பச்சை விளக்கு எரிந்தது. ரேடியோவில் இந்த ஞாயிற்றின் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை அழுத்தி, அண்ணே கேக்குதா என்றான். பக்கத்து வீட்டில் யாரோ டிவியைத் தட்டினார்கள்.

இன்னொரு தரம், அண்ணே கேக்குதா.

அரட்டை நின்றது. பிறகு அண்ணனின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது.

“எதுக்குடா இப்படிக் கத்துற? நீ கூப்பிட்ட ஒவ்வொரு வாரமும் நல்லாத்தான் காதுல விழுந்துச்சு. கேக்குதா, கேக்குதாங்கறதத் தவிர வேற எதாவது சொல்லுவியான்னுதான் நானும் உக்காந்திருக்கேன்.”

தம்பிக்காரனுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. உண்மைதான். இத்தனை ஞாயிறுகளில் வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நண்பர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். இருக்கட்டும் என்று நினைத்தான்.

எட்டி ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். பிறகு மைக்கை எடுத்து, பழைய மெலிந்த குரலிலேயே, அண்ணி செத்த அன்று தான் எங்கே இருந்தான் என்பதைச் சொல்ல ஆரம்பித்தான்.