வழுக்கிய சந்தனம்

மாப்பிள்ளையின் அம்மா மாணிக்கம்மாள் வைத்த சந்தனம் தமயந்தியின் நெற்றியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது. அதன் மேல் வைத்த குங்குமமும் துணைக்கு இறங்கி வந்தது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் இறங்கியது. பெண்ணுக்குப் பூ வைக்க வந்த இடத்தில் பொட்டு நிற்கவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட வந்த பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

பெண்ணின் அப்பா அய்யாசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் சுரங்கத்து ஸ்டோரில் கிளார்க். பொட்டு ஏன் நிற்கவில்லை என்பது அவருக்கும் அவர் மனைவி தனபாக்கியத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்லாம் ஒரு வெளிநாட்டு டப்பா செய்த வேலை. உள்ளே வெள்ளையாக, வழவழவென்று ஒரு களிம்பு. மேலே சிலிக்கோன் என்று எழுதியிருந்தது. கையில் பூசிக்கொண்டால் தண்ணீரோ கிரீஸோ தோலில் ஒட்டாது என்பதால், மிஷினில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஸ்டோருக்கு வந்தது. ஃபோர்மேன் பெட்டியோடு வாங்கிப் போவார். யார் பூசுகிறார்கள் என்பதெல்லாம் அய்யாசாமிக்குத் தெரியாது. ஆபீஸ்காரர்களுக்கு அது கிடையாது. அய்யாசாமியின் டிபன் கேரியருக்கு மட்டும் விதிவிலக்கு.

தனபாக்கியம் அதைப் புறங்கையில் தடவிப் பார்த்தாள். பளபளத்தது. கைக்கே இப்படி என்றால் முகத்துக்கு எப்படி இருக்கும் என்று அவள் மூளை வேகமாக வேலை செய்தது. நிறம் கம்மி என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. காலையில் மகளைப் பிடித்து உட்காரவைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசித் தள்ளினாள்.

"இது எம் மொகமாட்டமே இல்லியேமா" என்றாள் தமயந்தி.

அதற்காகத்தானே பூசுகிறேன் என்று பதில் வந்தது.

இந்த இடத்தை விடக்கூடாது என்பதில் அய்யாசாமி குறியாக இருந்தார். மாப்பிள்ளை சுப்பிரமணியன் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் என்று தரகர் வைத்திலிங்கம் சொல்லியிருந்தார். கோட்டும் டையுமாக ஒரு போட்டோவும் காட்டியிருந்தார். இன்றைக்குக்கூட மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். அவர் ஒரு நாள் இல்லாவிட்டால் ஆபீசே படுத்துவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து அய்யாசாமியின் கால் தரையில் படவில்லை.

போன மாதம்தான் அடுத்த பிளாக்கிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் மிஷினில் வேலை, பர்மனென்ட், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. தமயந்திக்கும் பிடித்திருந்தது. அய்யாசாமி அவர்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

"கிரீஸ் கையால தாலி கட்றவனுக்கு எம் பொண்ணு கெடையாதுங்க" என்று வாசலோடு அனுப்பிவைத்தார். அன்று ராத்திரி தமயந்தி சாப்பிடாமலே படுத்துவிட்டாள். அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இன்று பூவும் பொட்டும் வைத்தாகிவிட்டால் போதும். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால் டவுன்ஷிப்பே சிரிக்கும். ஆனால் பொட்டு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

மாணிக்கம்மாள் தன் விரலில் ஒட்டியதைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் முகத்தில் ஏதோ பிடிபட்டதுபோல் தெரிந்தது.

அய்யாசாமி சட்டென்று மனைவியைப் பார்த்தார். டப்பா வந்த வழி வெளியே தெரிந்தால் சம்பந்தமும் போகும், வேலையும் போகும். என்ன காரணமோ, தரகர் வைத்திலிங்கமும் அந்த நேரம் பார்த்துத் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"கொஞ்சம் வெந்நியும் சோப்பும் குடுங்க" என்றாள் மாணிக்கம்மாள்.

தமயந்தியைத் தானே பின்கட்டுக்குக் கூட்டிப்போய் முகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழுவாத கண்ணு. இது பச்சத் தண்ணிக்குப் போவாது" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். "மொகம் லட்சணமாத்தான இருக்குது. இதப் போயி எதுக்கு மூடி வச்சிக்கினு இருந்தீங்க?"

தமயந்தி திரும்பி வந்து உட்கார்ந்தாள், இந்தத் தடவை சொந்த முகத்தோடு. சந்தனம் நின்றது. குங்குமம் நின்றது. மாணிக்கம்மாள் பூவையும் வைத்தாள். இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். பேச்சு முடிந்தது.

அய்யாசாமி மூச்சு விட்டார். இனி ஆண்டவனே வந்தாலும் இதை மாற்ற முடியாது என்று தெம்பாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

போன உயிர் திரும்பி வந்தால் சும்மா இருக்கவேண்டியதுதானே. தனபாக்கியத்தால் முடியவில்லை.

"மொகத்துல இருந்தது இன்னதுன்னு எப்பிடி சம்பந்தியம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

மாணிக்கம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"கிரீஸு ஒட்டாம இருக்கறதுக்கு எம் புள்ள தெனமும் கையில இதத்தாங்க பூசிக்கினு போறான்."