முகம் பார்க்கும் மருத்துவன்

நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்த மருத்துவன் இந்தத் தலைமுறையில் நான் ஒருவன்தான்.

இறுதியாண்டுத் தேர்வை நான் இன்னும் எழுதவில்லை என்பது சின்ன விவரம்.

மற்றவர்கள் கோப்பைப் பார்ப்பார்கள். கைபேசியைப் பார்ப்பார்கள். எதுவுமில்லை என்றால் மின்விசிறி.

அண்ணிக்குக் காய்ச்சல் தொடங்கிய இரண்டு மாதத்தில் இப்படிப் பார்த்தவர்கள் ஐந்து பேர். ஒருவர் டைஃபாய்டு என்றார். ஒருவர் காசநோய் என்றார். ஒருவர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

இருந்தது பூஞ்சை. நான்கு வருடத்துக்கு முன் அண்ணியின் இதயத்தில் பொருத்திய செயற்கை வால்வில், ஒரு திராட்சை அளவுக்கு.

இன்று காலைதான் ஒரு பழைய ஆய்வக அறிக்கை என் கையில் சிக்கியது. ஆறு வாரத்துக்கு முன்பே அண்ணியின் ரத்தத்தில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. நல்ல பிள்ளை, ஆய்வகத்தில் வளர்க்க வைத்த மூன்றாம் நாளே தலையைக் காட்டிவிட்டது. 'தோலிலிருந்து ஒட்டியிருக்கலாம், மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பவும்' என்று கீழே எழுதியிருந்தது.

மறுபடி யாரும் எடுக்கவில்லை. அறிக்கையை ஒழுங்காகத் துளையிட்டுக் கோப்பில் கோத்து வைத்திருந்தார்கள்.

வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பணியில் இருந்த மருத்துவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுங்க சார்! செருப்புக்கா காய்ச்சல்?"

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து அண்ணியின் கட்டிலருகே நிறுத்தினான். நிறுத்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனான்.

வெளிச்சம் படாமல் கறுப்பு உறை போட்ட புட்டியிலிருந்து மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது ஏறும்போதெல்லாம் குளிர் தூக்கிப்போடும். இரண்டு போர்வைக்குள்ளும் அண்ணியின் பற்கள் அடித்துக்கொண்டன. நாளை நெஞ்சைத் திறந்து அந்த வால்வை எடுக்கிறார்கள். இதில் பாதிப் பேர்தான் பிழைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். வீட்டில் அதைப் படித்தவன் நான் மட்டும்தான்.

அண்ணி மெதுவாகக் கூப்பிட்டார்.

"போதும் விடு தம்பி. காய்ச்சல்னு மொதமொதல்ல உனக்குத்தான் போன் பண்ணேன். வெறும் சளிதான், ரெண்டு மாத்திரையப் போட்டுட்டுப் படுங்கன்னு நீ சொன்னத உங்க அண்ணன்கிட்டகூட நான் சொல்லல."

சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் மருந்துச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.